நாரத்தை மரத்து எச்சம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால், கான் ஓரமாக ஒரு நாரத்தை மரம் நின்றது. யார் வைத்தது என்று எவருக்கும் தெரியாது. வட்டவளைப் பக்கத்து மழை பிடித்தால் லேசில் விடாது. துணி காயாது, விறகு காயாது, இஸ்தோப்பில் நாய் படுக்கவும் ஈரமில்லாத இடம் கிடைக்காது. அந்த மரம் மட்டும் தளதளவென்று நிற்கும். காயைவிட அதன் இலைக்குத்தான் லயத்தில் கிராக்கி. இளம் இலையை நரம்பு கிள்ளிப் போட்டு, காய்ந்த மிளகாயும் கொஞ்சம் புளியும் வைத்து அம்மியில் அரைத்தால், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் வேண்டாம். அப்பாயி என்னை இலை பறிக்க அனுப்பும்போதெல்லாம் மறக்காமல் சொல்வாள்: "குருவி எச்சம் பட்டத விட்டுட்டு நல்ல இலையா கிள்ளிட்டு வா அப்பு."

எச்சம் நகர்வதை முதலில் பார்த்தது அக்காதான். மரத்தடியில் சட்டி விளக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை எடுத்துக்கொண்டு, "டேய், இங்க வாடா" என்றாள். ஒரு இலையின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு குருவி எச்சம் கிடந்தது. கரும்பழுப்பு, கொஞ்சம் பாசி நிறம், இடுப்பில் ஒரு வெள்ளைத் தீற்றல். மழை நின்று வெகுநேரமாகியும் அது ஈரமாகவே மினுமினுத்தது. ஈர்க்குச்சியால் தொட்டதும் முன்பக்கம் உப்பி, தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரண்டு கொம்பு பிதுங்கி வந்தது. கூடவே அழுகிய தோடம்பழ நாற்றம். அக்கா குச்சியைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் ஓடவில்லை. ஆனால் அந்தக் கையால் அன்று ரொட்டி தின்னவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த மரம்தான் எங்கள் பள்ளிக்கூடம். எச்சமாகக் கிடந்த புழு தோல் உரிக்கும், மறுபடியும் எச்சமாகவே கிடக்கும், கொஞ்சம் பெரிய எச்சமாக. இப்படி நாலு பருவம். கடைசித் தோல் உரிந்ததும் ஒரு காலையில் ஆளே மாறிவிடும்: கொழுகொழுவென்ற பச்சை, பக்கத்தில் சாய்வாகப் பழுப்பு வெள்ளைப் பட்டை, தோளில் இரண்டு கண். அவை நிஜக் கண் அல்ல. நிஜத் தலையைக் கீழே மடித்து வைத்துக்கொண்டு, பொய்க் கண்ணால் நம்மைப் பார்க்கும். ஏன் இந்த வேஷ மாற்றம் என்று பல வருஷம் கழித்து யோசித்தபோது சிரிப்பு வந்தது. சுண்டுவிரல் தடிமனுக்கு எச்சமிடுகிற குருவி எங்கள் மலையில் இல்லை. உடம்பு பெருத்த பிறகு பழைய வேஷம் எடுபடாது, அவ்வளவுதான். கூட்டுப்புழுவாகும்போதும் இதே சாமர்த்தியம்: பச்சைக் கிளையில் கட்டினால் பெரும்பாலும் பச்சையாக இருக்கும், காய்ந்த குச்சியில் கட்டினால் பழுப்பாக.

லயத்தில் கோழி வளர்க்காத வீடு குறைவு. கண்டுபிடித்த புழு எல்லாம் கோழிக்குப் போனது. கோழி முதலில் தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு கொத்து கொத்திவிட்டுப் பின்வாங்கும், பிறகு விழுங்கிவிடும். காலையில் நாங்கள், பகலெல்லாம் கொண்டைக்குருவியும் பட்டாணிக்குருவியும். பட்டாணிக்குருவி தலைகீழாகத் தொங்கி இலையின் அடிப்பக்கத்தையும் விடாமல் பார்க்கும். அத்தனை கண்ணும் தேடியும் சில புழு தப்பின. வெள்ளைத் தீற்றல் சரியான இடத்தில் விழுந்தவை, அசையக் கூடாத நேரத்தில் அசையாதவை, வாகான இலையில் உட்கார்ந்தவை. வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்து, வேறொரு நாரத்தையிலோ எலுமிச்சையிலோ முட்டை வைத்தவை அந்தத் தப்பியவைதான். பிடிபட்டவற்றின் சாயல் கோழி வயிற்றோடு முடிந்தது. எங்களுக்கு அது விளையாட்டு. ஆனால் அடுத்த தலைமுறைப் புழு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் கோழிக்கும் குருவிக்கும் துளியாவது பங்கு இருந்தது.

தேயிலைக்குள்ளும் ஒளிகிற ஜீவன்களுக்குக் குறைவில்லை. செடியிலிருந்து குச்சியை அளந்து வெட்டி, பட்டுநூலால் நெருக்கமாகச் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டுக்குள் குடியிருந்துகொண்டு தலையை மட்டும் நீட்டித் தின்னும் புழு ஒன்று உண்டு. கை பட்டால் தலை உள்ளே போய்விடும். தொங்குவது ஒரு சின்ன விறகுக் கட்டு. அப்பாயிக்கு அதன் பூர்வீகம் தெரியும்: "போன சென்மத்துல தோட்டத்து விறகத் திருடுனவன்டா அது. செத்தும் சுமக்குறான்." விறகு பொறுக்கப் போய்க் காவக்காரனிடம் மாட்டி, கட்டைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்ல அப்பாயிக்குக் கூச்சம் கிடையாது. கதை அவளுடையது மட்டுமில்லை என்று பின்னால் தெரிந்தது. 1861 இல் இலங்கையின் இயற்கை வரலாற்றைப் பற்றிப் புத்தகம் போட்ட எமர்சன் டெனன்ட், சிங்களவர்கள் இந்தப் பூச்சியை விறகுக் கட்டு என்று அழைப்பதையும், முற்பிறவியில் விறகு திருடியவர்கள் அடைந்த தண்டனை என்று நம்புவதையும் எழுதிவைத்திருக்கிறார். திருட்டுக்குத் தண்டனை என்று மனிதர் படித்த அதே கட்டு, குருவியிடமிருந்து அந்தப் புழுவைக் காப்பாற்றுகிறது.

அம்மாவுக்குப் பழக்கமான ஆள் வேறு. பள்ளி விடுமுறையில் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. நிரைக்குள் நின்ற அம்மா, கை கொழுந்திலிருந்து நிற்காமலே எதையோ கிள்ளி என் காலடியில் போட்டாள். குச்சி. விழுந்த குச்சி கொஞ்ச நேரம் விறைப்பாகக் கிடந்தது. பிறகு முதுகை வளைத்து, பின்காலை முன்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, சாண் போட்டு அளந்தபடி நடந்தது. அடுத்த முறை ஒன்றைச் செடியிலேயே காட்டினாள். பின்னங்காலால் கிளையைக் கவ்விக்கொண்டு, உடம்பை ஒரு பக்கச் சிம்பு போகிற அதே சாய்வில் நீட்டி நின்றது. நடு உடம்பில் கால் கிடையாது, அதனால் குச்சியின் வழவழப்பு கெடவில்லை. முன்காலைத் தலையோடு சேர்த்து மடித்திருந்ததில் நுனி ஒரு மூடிய அரும்பாகத் தெரிந்தது. பட்டையின் பழுப்பு நிறமும் அப்படியே. "எப்பிடிம்மா கண்டுபுடிக்கிற?" என்றேன். "கண்ணுல அம்புடாது தம்பி. கைதான் சொல்லும். குச்சின்னா காய்ஞ்சு இருக்கும், இது மெதுக்குனு சில்லுனு இருக்கும்." குருவியிடம் அப்படிப்பட்ட விரல் இல்லாததால்தான் அந்த வேஷம் இவ்வளவு காலம் ஓடுகிறது. கங்காணி ஐயா பார்க்காமல் நிரைக்குள் குனிந்து வெற்றிலை போடத் தெரிந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஹட்டனில் உயர்தர வகுப்பில் உயிரியல் எடுத்தபோதுதான் இதற்கெல்லாம் பெயர் உண்டு என்று தெரிந்தது: உருமறைப்பு, இயற்கைத் தேர்வு, கூர்ப்பு. ஆனால் உதாரணம் மான்செஸ்டரிலிருந்து வந்தது. மிளகுத்தூள் தூவிய வெள்ளைச் சிறகு கொண்ட அந்துப்பூச்சி. 1848 இல் அந்த ஊரில் முழுக் கறுப்பாக ஒன்று பிடிபட்டது பதிவாகியிருக்கிறது. ஆலைப் புகை மரப்பட்டையின் பாசியைக் கொன்று மரத்தைக் கரியாக்க, 1895 அளவில் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு. வெள்ளை கரிமரத்தில் குருவிக்குப் பளிச்சென்று தெரிந்தது, கறுப்பு தப்பியது. 1950களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் புகை படிந்த பேர்மிங்ஹாம் காட்டிலும் புகையில்லாத டோர்செட் காட்டிலும் இரண்டு நிறத்தையும் விட்டுப் பார்த்தார். புகைக்காட்டில் கறுப்பு தப்பியது, சுத்தமான காட்டில் வெள்ளை. பாடப்புத்தகத்தில் ஒரே மரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் எனக்கு அப்போதே பொருந்தவில்லை. நாரத்தை மரத்தோடு வளர்ந்தவனுக்குத் தெரியும், எந்தப் பூச்சியும் இப்படி வசதியாகப் படத்துக்கு உட்காராது. பிற்காலத்தில் அந்த மாதிரிப் படங்களும் சோதனையும் கேள்விக்குள்ளாயின. கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜேரஸ் 2001 முதல் ஆறேழு வருஷம் 4,864 பூச்சிகளைத் தம் தோட்டத்தில் விட்டு, எதை எந்தக் குருவி தின்கிறது என்று பொறுமையாகப் பார்த்து, பழைய முடிவு சரிதான் என்று காட்டினார். அவர் 2009 இல் இறந்த பிறகு, 2012 இல், நண்பர்கள் அதை வெளியிட்டார்கள். ஒரு ஜீனுக்குள் இடம் மாறி வந்து செருகிக்கொண்ட டி.என்.ஏ. துண்டுதான் கறுப்புக்குக் காரணம் என்றும், அது 1819 வாக்கில் நடந்திருக்கும் என்றும் 2016 இல் கணக்கிட்டார்கள்.

இங்கே பலரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. புகை பூச்சியைக் கறுப்பாக்கவில்லை. கறுப்பு முன்பே ஓரிரண்டு இருந்தது. புகை வந்ததும் அதற்கு யோகம் அடித்தது. வித்தியாசம் இல்லாத இடத்தில் தேர்வுக்கு வேலையே இல்லை. எங்கள் ஆசிரியர் இதற்கு ஜன்னலைத் திறந்து காட்டினார். எதிரே ஒரு பக்கம் பழைய விதைத் தேயிலை மலை: ஒரு செடி கரும்பச்சை, அடுத்தது மஞ்சள் கலந்தது, ஒன்று பெரிய இலை, ஒன்று சிறிசு. மறுபக்கம் தாய்ச்செடியிலிருந்து துண்டு வெட்டி நட்ட வீ.பி. மலை, மூலைக்கு மூலை ஒரே பச்சை. "நோய் வந்தா எந்த மலையில நாலு செடி தப்பும்?" என்று கேட்டார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. 1869 இல் கோப்பியில் இலைத்துரு கண்டு, பிறகு மலைநாட்டுக் கோப்பியே அழிந்து, தேயிலை வந்த கதை எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குச்சிப்புழுவுக்கும் மான்செஸ்டர் பூச்சிக்கும் உறவு உண்டு என்று பாடப்புத்தகத்தில் இல்லை. இரண்டும் ஒரே குடும்பம், சாண் போட்டு நடக்கும் புழுக்களின் குடும்பம். அஸ்ஸாமில் தேயிலையைத் தின்னும் புழு ஒன்று இன்னும் நெருக்கம்; பிஸ்டன் என்ற அதே பேரினம். மான்செஸ்டர் பூச்சியின் புழுப்பருவமும் குச்சியாகவே நிற்கும், அதுவும் தான் இருக்கும் கிளைக்கேற்ப நிறத்தை மாற்றிக்கொண்டு. அதன் கண்ணில் கறுப்புச் சாயம் பூசி மறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் நிறம் சரியாக மாறியது. தோலாலும் நிறத்தை உணர்கிறது என்பது 2019 இல் வெளிவந்த செய்தி.

இன்னொரு செய்திதான் என்னை உலுக்கியது. பாரம்பரியக் கணக்குக்கு நாங்கள் கொப்பியில் கட்டம் போடுவோமே, புனட் சதுரம், அந்தப் புனட் இலங்கையில் வண்ணத்துப்பூச்சி பார்த்தவர். பேராதனையில் படிக்கும்போது நூலகத்தில் கொழும்பு அருங்காட்சியகத்தின் ஸ்பொலியா செய்லானிக்கா பழைய இதழ்களைப் புரட்டினேன். 1910 ஆம் ஆண்டு இதழில் அவர் கட்டுரை. அதில் முக்கியமான பாத்திரம் பப்பிலியோ பொலிட்டெஸ் என்ற வண்ணத்துப்பூச்சி. கறுப்பு, பின்சிறகில் ஒரு வெள்ளை வரிசை. எங்கள் நாரத்தை மரத்து எச்சம்தான் அது.

ஆண் எப்போதும் ஒரே உடை. பெண் மூன்று உடையில் வரும். ஒன்று ஆணைப் போலவே. மற்ற இரண்டும் வேறு இரண்டு வண்ணத்துப்பூச்சிகளை அப்படியே உரித்து வைத்தவை. அந்த இரண்டும் ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்ந்து உடம்பெல்லாம் விஷம் ஏறியவை. ஒருமுறை கொத்திய குருவி மறுமுறை கிட்டப் போகாது. நம் நாரத்தைக்காரிக்கு விஷம் கிடையாது, விஷக்காரியின் சேலை மட்டும் உண்டு. லயத்தில் நாங்கள் எல்லோரும் அவற்றை வேறு வேறு சாதிப் பூச்சி என்றுதான் நினைத்திருந்தோம். சிவனொளிபாதமலைப் பருவத்தில் கூட்டம் கூட்டமாக வண்ணத்துப்பூச்சி போகும்போது, சாமி கும்பிடப் போகுது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் இவற்றைத் தேடுவோம்.

குருவிகள் வண்ணத்துப்பூச்சியைத் துரத்தித் தின்பதைப் புனட் இங்கே பெரிதாகக் காணவில்லை. ஆகவே இந்த நகல் சிறுகச் சிறுகத் தேர்வினால் செதுக்கப்பட்டது என்பதை அவர் ஒப்பவில்லை. ஒரே பாய்ச்சலில் வந்திருக்கும் என்றார். அவருக்குப் பின் ஃப்ரையர் என்பவர் இலங்கையிலேயே இந்த இனத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, பெண்ணின் உடை மெண்டல் விதிப்படி இறங்குகிறது என்று காட்டினார். ஆண் அந்தச் சேலையை உடுத்தாமலே மகளுக்குக் கொடுத்துவிடுகிறது. 1915 இல் புனட் இதையெல்லாம் புத்தகமாக்கியபோது, கணித நண்பர் நோர்ட்டனிடம் ஓர் அட்டவணை போட்டு வாங்கிப் பின்னிணைப்பாகச் சேர்த்தார்: ஒரு குணத்துக்கு இவ்வளவு சிறிய அனுகூலம் இருந்தால் அது பரவ எத்தனை தலைமுறை ஆகும் என்று. சின்ன அனுகூலமும் போதும் என்றது அட்டவணை. தேர்வைச் சந்தேகித்த மனிதரின் புத்தகமே தேர்வுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர்களில் ஹால்டேன் ஒருவர். மான்செஸ்டர் அந்துப்பூச்சியை எடுத்து, வெள்ளை ஒன்றுக்குக் கறுப்பு ஒன்றரை என்ற வீதத்தில் தப்பியிருந்தால்தான் அந்த வேகம் வரும் என்று 1924 இல் கணக்குப் போட்டார்.

2014 இல் பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டேயும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தச் சேலையின் ரகசியத்தைக் கண்டார்கள்: ஆண் பெண் வித்தியாசத்தையே நிர்ணயிக்கும் ஒற்றை ஜீன், அதன் ஒரு வடிவம் மொத்த உடையையும் மாற்றுகிறது. புனட் சொன்ன பாய்ச்சலில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. ஆனால் பாய்ந்து வந்ததை நிற்க வைத்தது குருவியின் அலகு என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. காட்டில் சில மாதம் பார்த்துக் குருவி தின்னக் காணோம் என்று முடிவு கட்டியது எனக்கு இன்னும் விந்தையாகத்தான் இருக்கிறது. அவர் எங்கள் கோழிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவு நேரமும் கண்ணைப் பற்றியே பேசிவிட்டேன். கண்ணை ஏமாற்றத் தெரிந்தவனுக்கு மூக்கிடம் ஜம்பம் பலிக்காது. தேயிலையில் இலையை ஒட்டிச் சுருட்டி உள்ளே வாழும் ஒரு புழு, 1930களில் மலைநாட்டுத் தோட்டங்களை ஆட்டிவைத்தது. அதன் தாய் முற்றிய இலையின் மேல்பக்கத்தில், மீன் செதிள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக மஞ்சள் முட்டைகளை அடுக்கிவிட்டுப் போகும். சுருட்டிய இலைக்குள் புழு குருவிக்குத் தெரியாது. அதற்கு மருந்தாக 1935, 36 வாக்கில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மக்ரோசென்ட்ரஸ் என்று அதற்குப் பெயர். இப்படிப்பட்ட குளவிகள் கடிபட்ட இலையின் வாசத்தையும் புழுப்பீயின் வாசத்தையும் பிடித்துக்கொண்டுதான் வரும்; புழுவுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு இன்றுவரை பெருமை சேர்க்கிற காரியம் அது. பிறகு 1950களின் பிற்பகுதியில், கம்பில் துளை போடும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். குளவி செத்தது, அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மறுபடி தலையெடுத்தது. அந்த மருந்தைக் கைவிட்ட பிறகுதான் குளவிக்கு மறுபடி காலம் வந்தது.

இதைப் பல்கலைக்கழக விடுமுறையில் அப்பாயிக்குச் சொன்னேன். அவளுக்குக் கண் மங்கிப் போயிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து, நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மஞ்சள் முட்டை ஒட்டிய இலைகளைப் பொறுக்கிச் சல்லி வாங்கியவள் அவள். பிள்ளைகள் எல்லோரும் டின்னோடு மலைக்குப் போவார்களாம். ஒருநாள், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஜாவாக் குளவி வந்த வருஷத்தை மறுபடி கேட்டாள். சொன்னேன்.

"அடப்பாவி" என்றாள். "கணக்கப்புள்ளதான் எங்க சல்லிய வெட்டிட்டான்னு இத்தன வருசமா திட்டிக்கிட்டு இருந்தேன்டா. கொளவியா?"